மஞ்சள் தின்ற வண்டி

அபுல் ஹசனின் பிக்கப் வண்டி வாரத்துக்கு ஒரு பிடி மஞ்சள் தூள் தின்றது. ரேடியேட்டர் தண்ணீர் எங்கேயோ ஒழுகிக்கொண்டிருந்தது. எங்கே என்று தேடிப் பார்க்க டிரைவர் கொளஞ்சிக்குப் பொறுமை கிடையாது. மஞ்சளைக் கொட்டினால் அது போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், நாலு நாள் வண்டி ஓடும். உலக யுத்தம் முடிந்து பட்டாளத்து ஏலத்தில் வந்த வண்டி, கிட்டத்தட்ட இருபது வருஷமாக முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குப் பாய்க்கட்டு சுமக்கிறது, அதற்கு இந்த வைத்தியமே ஜாஸ்தி என்பது கொளஞ்சியின் கட்சி.

அன்றைக்கு அந்த வண்டியில் வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசனையுமாக உட்கார்ந்திருந்தான் மாப்பிள்ளை ரஃபியுதீன். பக்கத்தில் மாமனார் அபுல் ஹசன், மடியில் மாப்பிள்ளையின் பாஸ்போர்ட். மூன்று மணிக்குள் சிதம்பரத்துக் கப்பல் ஏஜெண்டிடம் அதைக் கொடுத்துப் பெயர் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் மாசக் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பல், மறுபடியும் நாலு வருஷம் பினாங்கு. கல்யாணமாகி நாற்பதாம் நாள் போனவன், நாலு வருஷம் கழித்து வந்து நாலு மாசம்தான் ஆகிறது. அவனுக்குப் போகப் பிடிக்கவில்லை. பின்னால் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மலிகாவுக்கு அவன் போவது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ரஃபியுதீன் பினாங்கில் மோட்டார் மெக்கானிக். காலையிலிருந்து இருட்டும் வரை வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவன். முதல் கடிதத்தில் 'மோட்டார் கம்பெனியில் வேலை' என்று எழுதினான். அபுல் ஹசன் அந்தக் கடிதத்தை வீட்டிலிருந்து தன் பாய்க்கடைக்குக் கொண்டுபோவதற்குள் மருமகன் மேனேஜர் ஆகிவிட்டான். பிறகு அதைத் திருத்த அவனுக்கு வாய் வரவில்லை. போதாததற்கு, பெண் வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை அந்த வீட்டில் கிணற்று வாளியைத் தொட்டாலே கௌரவக் குறைச்சல். ஊரில் நின்றால் மெக்கானிக் வேலைதான் செய்ய வேண்டும். மெக்கானிக் என்று சொன்னால் மாமனாரின் நாலு வருஷத்துப் பெருமை ஒரே நாளில் கவிழ்ந்துவிடும். உண்மை தெரிந்தவள் மலிகா ஒருத்திதான். சோப்புக்கு மசியாத அவன் நகக்கண் கறுப்பைப் பார்த்து, வந்த இரண்டாம் நாளே கேட்டு வாங்கிவிட்டாள்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் வண்டி கொதித்தது. பானட்டின் இரண்டு பக்கமும் ஆவி. கொளஞ்சி ஓரம் கட்டினான். வாளியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினான், நிரப்பிக்கொண்டு வந்தான், பானட்டைத் திறந்து வாளியை உயர்த்தினான். அதுவரை வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ரஃபியுதீனால் அதற்கு மேல் முடியவில்லை.

"கொளஞ்சி, ஊத்தாத! கீழ வையி வாளிய!"

"ஏங்க, இந்தக் கொதி கொதிக்குதே!"

"கொதிக்கிறதாலதான் சொல்றேன். இப்பப் பச்சத்தண்ணி பட்டா எஞ்சின் பிளாக்கு வெடிச்சிரும். அப்புறம் இத பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்."

அதற்குள் அவன் இறங்கியாகிவிட்டது. அபுல் ஹசன் பதறிப்போய்ப் பின்னாலேயே இறங்கினார்.

"மாப்புளே, ஒங்களுக்கு ஏன் இந்த வேல? வெயில்ல நிக்காதீங்க. கொளஞ்சி, அந்த மஞ்சப்பொடிய எடுடா."

"மஞ்சள் வேணாம் மாமா. ரேடியேட்டர் நல்லாத்தான் இருக்கு. ஒழுகுறது எஞ்சினுக்குப் பின்னால இருக்குற பைப்பு. ஊர் தாண்டும்போதே எனக்கு மஞ்ச கருகுற வாசன வந்துச்சு. அரமணி ஆறட்டும், நானே மாத்திர்றேன்."

அவன் சட்டையைக் கழற்றினான். சிதம்பரம் பஸ் ஒன்று அந்த நேரம் பார்த்து அவர்களைக் கடந்தது. அதில் முதுநகர்க்காரர்கள் யாராவது இருந்திருப்பார்களோ என்று அபுல் ஹசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மதகுக்கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டு, செத்துப்போன மாட்டைப் பார்க்கிறவர் மாதிரி வண்டியைப் பார்த்தார்.

ரஃபியுதீன் சட்டையைக் கொடுக்கப் பின்பக்கம் போனபோது மலிகா தார்ப்பாயை விலக்கி மெதுவாகக் கேட்டாள்.

"மச்சான், வண்டி ஓடலேன்னா மூணு மணிக்குள்ள போய்ச் சேர முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்புறம் ஏன் மெனக்கெட்டு ரிப்பேர் பண்றீங்க? கெடக்கட்டுமே."

ஆசை யாருக்குத்தான் இல்லை. ஒரு நிமிஷம் அவனும் சபலப்பட்டான். பிறகு சிரித்தான்.

"வண்டி படுத்துக்கிச்சுன்னு நின்னா, அடுத்த கப்பல் வரைக்கும்தான் நிக்கலாம் மலிகா. வண்டிய ஓட வச்சாத்தான் நான் இங்க நிக்க முடியும். இன்னிக்கு ஒங்க வாப்பாகிட்டச் சொல்லிர்றேன்."

எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் தண்ணீரைக் கீழே திறந்துவிட்டான். குழம்பு மாதிரி மஞ்சளாக வந்தது. எஞ்சினுக்குப் பின்னால், புகைக்குழாய்க்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஓர் இரும்புப் பைப். அதன் அடிவயிற்றில் காய்ந்த மஞ்சள் கோடு ஒன்று இறங்கியிருந்தது. இரண்டு முனையிலும் ரப்பர்க் குழாய்களின் கிளிப்புகளைத் தளர்த்தி அதைக் கழற்றினான். துரு உள்ளிருந்தே தின்றிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினான், விரல் பைப்புக்குள்ளேயே போய்விட்டது.

"இத்தன நாளா மஞ்சள்தான் தண்ணிய நிறுத்திச்சு, பைப்பு இல்ல" என்றான் கொளஞ்சியிடம்.

மாற்றுப் பைப்புக்கு எங்கே போவது? ரஃபியுதீனுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. ஓட்டைப் பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மைல் நடந்து, வரும் வழியில் பார்த்திருந்த சடையப்பனின் சைக்கிள் கடையில் நின்றான். கொல்லையில் மாட்டு வண்டி ஏறி நசுங்கிய சைக்கிள் ஒன்று கிடந்தது. அதில் சீட்டைத் தாங்கும் குழாய் மட்டும் நெளியாமல் இருந்தது. ரம்பத்தால் அளவாக அறுத்தான், ரப்பரைக் கிழிக்காதபடி முனைகளை அரத்தால் ராவினான்.

"சைக்கிள் குழாய வச்சு மோட்டார் ஓட்டுவீங்களா?" என்று சடையப்பன் வியந்தார்.

"தண்ணி போனாச் சரி. அது குழாயோட ஜாதகத்தையா கேக்கப்போவுது?" என்று சொல்லிவிட்டு, பழைய டியூப் துண்டு ஒன்றையும் வாங்கிக்கொண்டு திரும்பினான்.

குழாயின் பருமன் ஒரு நூல் குறைச்சல். டியூப்பை ஒரு சுற்று சுற்றி ரப்பருக்குள் இறுக்கமாகச் செருகினான். பின்பக்கக் கிளிப்பை மேலிருந்து எட்ட முடியாது, வண்டிக்கு அடியில் படுத்தான். சின்ன ஸ்பேனர் கேட்டு அவன் கையை நீட்ட, கொளஞ்சி இருப்பதிலேயே பெரியதைக் கொடுத்தான். மறுபடி நீட்ட, திருப்புளியைக் கொடுத்தான். மூன்றாவது தடவை கைக்கு வந்தது சரியான ஸ்பேனர். தலையைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளைத் துப்பட்டியின் ஓரம் தெரிந்தது. நாலு மாசமாகப் பட்டறைக் கதை கேட்டவள் இறங்கி வந்திருந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ், எனக்குக் கையாள் கெடைச்சாச்சு. சம்பளம் எவ்ளோ வேணும்?" என்றான் அடியிலிருந்து.

"மொதலாளி மூஞ்சியில கரி. அத தொடச்சுக்கிட்டு வந்து பேசுங்க" என்றாள் மலிகா. சொல்லிவிட்டு, நடு ரோட்டில், வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மதகில் இருந்த அபுல் ஹசன் தலையைத் தூக்கினார்.

தண்ணீர் நிரப்பி, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, உள்ளிருந்த காற்றெல்லாம் குமிழியிட்டு வெளியேறியதும் மேலும் அரை வாளி ஊற்றினான். இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்தான், ஈரமே இல்லை. அதே கரிக்கையோடு நேராக மதகுக்குப் போனான்.

"மாமா, நான் மேனேஜர் இல்ல. அங்க இந்த வேலதான் பாத்தேன். நல்லாவே பாத்தேன். இங்க வண்டிக்கா பஞ்சம்? சின்னதா ஒரு பட்டறை போட்டா ஒரு வருஷத்துல தல நிமிந்துருவேன். எனக்குத் திரும்பிப் போக மனசில்ல."

அபுல் ஹசன் மதகிலிருந்து எழுந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு, ஏறுங்க" என்றார். வெள்ளாற்றுப் பாலத்தை வண்டி முனகாமல் ஏறியதைக் கண்டு கொளஞ்சி சபாஷ் போட்டான், அபுல் ஹசன் மடியிலிருந்த பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

சிதம்பரத்தில் ஏஜெண்டின் மாடிப்படிக்குக் கீழே வண்டி நின்றபோது மணி இரண்டே முக்கால். "நீங்க இருங்க" என்று பாஸ்போர்ட்டோடு தனியாகப் படியேறினார். எஞ்சினைப் பற்றி ரஃபியுதீனுக்கு ஒரு கவலையும் இல்லை. மாமனார் மனசைப் பற்றித்தான் பயமாக இருந்தது.

கால் மணி கழித்து அவர் இறங்கி வந்தார். பாஸ்போர்ட்டை அவன் கையில் வைத்தார்.

"பதிஞ்சாச்சா மாமா?"

"அந்த எடத்த வேற யாருக்காவது குடுத்துருங்கன்னு சொல்லிட்டேன்." மருமகனின் கரிக்கையைப் பார்த்தார். "நாலு வருஷமா நீங்க பணம் அனுப்புனீங்க, துணிமணி அனுப்புனீங்க, மாசம் தவறாம கடுதாசி வந்துச்சு. எம்மவ சிரிச்சு மட்டும் நான் கேக்கல. எனக்கு அது ஒறைக்கக்கூட இல்ல மாப்புளே. இன்னிக்கு அந்த ரோட்டுல கேட்டதும்தான் ஒறைச்சுது."

தார்ப்பாய்க்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மலிகா" என்று கூப்பிட்டார் அபுல் ஹசன்.

"என்ன வாப்பா?"

"எறங்கி வந்து முன்னால ஒன் மாப்புள பக்கத்துல உக்காரு. நான் பின்னால உக்காந்துக்குறேன்."