இடப்பக்க வெளிச்சம்

அந்த அறைக்கு ஜன்னலே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி. இந்தப் பக்கம் விமானி. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வியர்த்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

பறக்கும்போது ஏதோ ஒரு வெளிச்சம் தன்னைத் தொடர்ந்து வந்ததாக அவன் எழுதிக் கொடுத்ததிலிருந்து முகாமே அவனை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. "தட்டு வர்றாரு, வழி விடுங்கப்பா!" என்று சாப்பாட்டுக் கூடத்தில் கத்துவார்கள். பறக்கும் தட்டைச் சுருக்கி வைத்த பட்டப்பெயர். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்தான். ஆனால் போன மழைக்காலத்தில் அவனுடைய அக்காவின் கணவரும் இதே வெளிச்சத்தைப் பார்த்ததாக ரேடியோவில் சொல்லிவிட்டுத்தான் விமானத்தோடு விழுந்தார். 'விமானியின் கவனக்குறைவு' என்று இரண்டே சொல்லில் மேலிடம் கையைக் கழுவிக்கொண்டது. அன்றிலிருந்து அக்கா யார் முகத்திலும் விழிப்பதில்லை. அத்தானின் பேரைக் காப்பாற்ற இவனை விட்டால் நாதி இல்லை.

"ரெண்டு டேப்பையும் அடுத்தடுத்துப் போடுறேன்," என்றார் அதிகாரி. "ரெண்டு பேர் பேச்சும் ஒத்துப்போச்சுன்னா உங்க அத்தான் கேஸைத் திரும்ப எடுக்கலாம்."

விமானிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

முதலில் அவன் குரல். "இடப்பக்கம் ஒரு வெளிச்சம். நான் திரும்பினா அதுவும் திரும்புது." அடுத்து அத்தான். "இடது பக்கம்... வெளிச்சம்... கூடவே வருது." செத்தவரின் குரலைக் கேட்டதும் அதிகாரியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொரு தடவை போடுங்க சார்."

அந்தக் குரலுக்காகத்தான் கேட்டான். கேட்டவனுக்குப் பகீரென்றது. இரண்டு டேப்பிலும் பேச்சைவிட இரைச்சல் பெரிதாக இருந்தது. விமானியின் மைக் ஆக்சிஜன் முகமூடிக்குள் இருக்கிறது. முகமூடி சரியாகப் பொருந்தியிருந்தால் இரைச்சல் இப்படி நுழையாது. நெடுந்தூரம் நேராகப் பறக்கும்போது கன்னம் கடுக்கிறது என்று வலப்பக்கக் கொக்கியைக் கழற்றி, முகமூடியை இடப்பக்கம் தொங்கவிடுவது இவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். விதிப்படி கூடாது என்பதால் எவனும் வெளியே மூச்சு விட மாட்டான். ஆக்சிஜன் குறைந்தால் இல்லாததெல்லாம் தெரியும் என்று எல்லோரும்தான் படித்திருந்தார்கள். தனக்கு நடக்காது என்று எல்லோரும்தான் நம்பினார்கள், மடையர்கள்.

கண்ணோரத்தில் தொங்கும் முகமூடி. விமானி அறையின் விளக்கொளியில் மின்னும் அதன் கொக்கி. தலையைத் திருப்பினால் அதுவும்தானே திரும்பும்!

"பிரமாதம்," என்றார் அதிகாரி, பேனாவை எடுத்தபடி. "அப்படியே ஒத்துப்போகுது."

பேசாமல் இருந்துவிட்டால் போதும். அத்தானின் பேர் துலங்கும், இவனுடைய வேலையும் தப்பும். வெளியே ஓடுதளத்தில் அடுத்த அணி எஞ்சினை முடுக்கும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. இன்னும் சற்று நேரத்தில் அவர்கள் மேலே போய், கொக்கியில் கை வைப்பார்கள்.

"சார், நான் மாஸ்க்கைக் கழட்டியிருந்தேன். அத்தானும்தான். நாங்க பார்த்தது அந்தக் கொக்கியை."

அதிகாரியின் முகம் இறுகியது. "யோசிச்சுப் பேசுங்க. இதை எழுதிட்டேன்னா நீங்க இனிமே பறக்க முடியாது. அவர் கேஸும் அதோட முடிஞ்சுது."

"எழுதுங்க சார். அதுக்கு முன்னாடி வெளிய கிளம்புறவங்களை நிறுத்துங்க."

அதிகாரி போனை எடுத்தார். விமானி தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

நடைகூடத்து பெஞ்சிலிருந்து அக்கா எழுந்தாள். "அவர் பார்த்தது நிஜம்னு ஒத்துக்கிட்டாங்களாடா?"

"அத்தான் பொய் சொல்லலக்கா. ஏமாந்துட்டாரு. தப்பு எங்க மேலதான்," என்று எல்லாவற்றையும் சொன்னான்.

அக்கா அழவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதைச் சொல்றதுக்குத்தான் நீ மட்டும் உயிரோட வந்தியா?" என்றாள்.