வார்சாவுக்குள் போகமாட்டேன்

சீட்டு ஆடித் தொலைத்திருந்தால் இந்த வினை வந்திருக்காது. என் கூட்டாளி மாரிச்செல்வம் பெங்களூரிலிருந்து அந்த விளையாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாங்களும் ஈ என்று பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். ஐரோப்பா வரைபடத்தை விரித்து ஆளுக்கொரு நாடு. பகடை கிடையாது, எல்லாம் வாய்தான். தனியே கூட்டிப்போய்க் கூட்டுச் சேரலாம், சேர்ந்த கையோடு முதுகில் குத்தலாம். யார் படை எங்கே நகர்கிறது என்று ஆளாளுக்குத் துண்டுத்தாளில் மறைத்து எழுதி மடித்து வைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரிக்க வேண்டும்.

சாரல் அடித்துக்கொண்டிருந்த சனிக்கிழமை மத்தியானம், ஐந்தருவிப் பக்கம் எடுத்திருந்த காட்டேஜில் ஆடினோம். மறுநாள் கீழப்பாவூர் பக்கம் என் தங்கை ஸ்வாதியின் மகளுக்குக் காதுகுத்து. நான் ஜெர்மனி. தங்கை மாப்பிள்ளை முத்துச்செல்வம் ரஷ்யா. அவர் ராணுவத்தில் இருக்கிறார், காதுகுத்து முடிந்த கையோடு காஷ்மீருக்கு ரயில் ஏற வேண்டும்.

அவர்கள் குடும்பத்துச் சுடலைமாடன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை மடியில் வாங்கும் முன் தாய்மாமன் சூடத்தின் மேல் கைவைத்து, "தகப்பன் இல்லாத நேரம் இந்தப் பிள்ளைக்கு நான் இருக்கேன்" என்று சத்தியம் பண்ண வேண்டும். அதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று, லீவு கிடைக்கும்வரை காதுகுத்தையே தள்ளிப் போட்டவர் முத்துச்செல்வம்.

துருக்கியை வைத்திருந்த மாரிச்செல்வம் தெற்கே அவரை நெருக்கிக்கொண்டிருந்தான். வார்சாவில் நின்ற படையை அங்கே இறக்கினால்தான் அவர் தப்பிப்பார். இறக்கினால் வார்சா காலி. பக்கத்திலேயே என் படை. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"மச்சான், படைய எடுத்தா நீங்க உள்ள வந்துரமாட்டீங்களே?"

"வரமாட்டேன் மாப்ள."

"எல்லாரும் இதத்தான் சொல்லுதான். எப்படி நம்ப?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் போலீஸ்காரன். பிள்ளை மேல், பெற்றவள் மேல் என்று பொய்ச் சத்தியம் பண்ணுகிறவர்களைத் தினமும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறவன். அந்த நான்தான் சொன்னேன்: "நாளைக்கு உங்க சுடலை முன்னால உக்காரப் போறவன் மாப்ள. அவர் மேல சத்தியம். வார்சாவுக்குள்ள போகமாட்டேன்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு உள்ளே போனார்.

தாள்களைப் பிரித்துப் பார்த்தோம். என் படை வார்சாவுக்குள் நின்றது.

"ஏலே சங்கிலி, போலீஸ் புத்தியக் காட்டிட்டியே!" என்று மாரிச்செல்வம் என்னைப் பார்த்து மேசையைத் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். முத்துச்செல்வம் எழுந்தார். "நல்லா ஆடுதீங்க மச்சான்" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குக் கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ச்சீ, ஒரு அட்டையில் ஒரு கட்டத்துக்காகவா? பின்னாலேயே ஓடினேன்.

"மாப்ள, வெளையாட்டுதான? மனசுல வச்சுக்கிடாதீங்க."

"பொய் சொல்லுததுதான் அந்த வெளையாட்டே. அதுல எனக்குக் கோவம் இல்ல மச்சான்" என்றார். "சாமிய நான் கேக்கலியே. நீங்களாத்தான எடுத்தீங்க?"



மறுநாள் கோயிலில் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றி என்னிடம் கொண்டுவந்தார். மாடா, நேற்றுச் சொன்னதை மன்னித்துவிடு, இது மெய் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே கையை நீட்டினேன்.

"அது வேண்டாம் பூசாரி" என்றார் முத்துச்செல்வம். "பிள்ள அழுது. மடியில வச்சுக் குத்துங்க."

ஸ்வாதிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏங்க, அதுக்குத்தான இத்தன நாளும் காத்துக் கெடந்தீங்க?"

"நேரமாகுது, விடு."

"நான் சொல்லுதேன் மாப்ள" என்றேன். "மனசாரச் சொல்லுதேன்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பூசாரி தட்டைச் சாமி பக்கம் கொண்டுபோய்விட்டார். பிள்ளை என் மடிக்கு வந்தது. ஊசி பட்டதும் வீல் என்று கத்தி என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. என் கண்ணும் நிறைந்துவிட்டது.

"மாமனுக்குல்லா வலிக்கி!" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள்.

சாயந்திரம் தென்காசி ஜங்ஷனில் அவரை வழியனுப்பினோம். பிள்ளையை முத்தமிட்டு ஸ்வாதியிடம் கொடுத்தார்.

"ராத்திரி கீத்திரி பிள்ளைக்கு ஒண்ணுன்னா எதுத்த வீட்டு அண்ணாச்சியக் கூப்பிடு. அவர்ட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

நான் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.