கோமானுக்கு விழுந்த வசவு

ரெபேக்கா சாவு வாடை வீட்டில் தங்காமலிருக்க, சவப்பெட்டிக்கு அடியில் வினிகரும் நறுக்கிய வெங்காயமும் இருந்த தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். சாதாரணச் சிரிப்பு இல்லை. அடித்தொண்டையில் ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, உச்சியில் போய் உடைகிற சிரிப்பு. அவளுடைய அப்பாவின் சிரிப்பு. இந்தத் தெருவில் வளர்ந்த எந்த விடலைக்கும் அதை ஒரு தடவையாவது சிரித்துக் காட்டாமல் இருக்க முடிந்ததில்லை. அவரே செத்துக் கிடக்கும் நாளில்கூட.

எழுந்து போய்த் திரையை இழுத்து விட்டாள். இரண்டு பையன்கள் ஓடினார்கள். எதிர்ச் சாரியில் தலைக்கு முக்காடு போட்ட பெண்கள் கும்பலாக நின்றார்கள். ஒருத்தியும் தெருவைத் தாண்டி வரவில்லை. உள்ளே சுவரோரமாகப் போட்ட நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

"எர்மினியா வந்துட்டாளா?" அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

"வருவாங்கம்மா."

"நீயும் காலையிலேர்ந்து அதையேதான் சொல்ற."

அம்மா காலையிலிருந்து உட்காரவில்லை. பட்டை போட்ட காப்பியைக் கொதிக்க வைப்பாள், இறக்குவாள், ஆறிவிட்டது என்று மறுபடி ஏற்றுவாள். நடுவில் வந்து பெட்டிக்குள் கிடந்தவரின் கழுத்துப் பட்டையைச் சரி செய்துவிட்டுப் போவாள். அது சரியாகத்தான் இருந்தது. பார்த்துப் பார்த்து ரெபேக்காவுக்கும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அப்பா மெக்சிகோ நகரத்து ஸ்டூடியோக்களில் பேய்ப் படங்களுக்கு வில்லன். காசில்லாத முதலாளிகள் பத்துப் பன்னிரண்டு நாளில் சுட்டு முடிக்கிற படங்கள். கைபட்டால் ஆடும் அட்டைக் கல்லறை, நூல் தெரியும் ரப்பர் வௌவால், எந்தக் கதையானாலும் அதே மாடிப்படி. அந்தப் படியில் அப்பா கறுப்பு அங்கியை விரித்துக்கொண்டு, ஒற்றைப் புருவத்தை ஏற்றியபடி ரத்தம் குடிக்கிற கோமானாக இறங்கி வருவார். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. படப்பிடிப்பு நாட்களில் வீட்டுக்கு வரும்போது அவர்மேல் அந்த வாசனைதான் அடிக்கும். வந்ததும் சட்டையைக் கழற்றித் தானே துவைத்துப் போடுவார். மற்ற நாட்களில் செருப்புக் கடையில் வேலை.

மூலைத் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவே திரண்டு போய் அவரைக் கரித்துக் கொட்டும். நாசமாகப் போ, உன் தலையில் இடி விழ, நரகத்தில் வேகு. அப்பா பெருமையாக அவளையும் கூட்டிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்வார். அவளுக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். அந்தப் பெண்களை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதிலும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாக் குரலுக்கும் மேலே கத்திய எர்மினியாவை.

அந்த எர்மினியாதான் வந்து ஜெபமாலை சொல்ல வேண்டும். இந்தத் தெருவில் யார் செத்தாலும் கூப்பிடாமலே வந்துவிடுகிறவள். அவள் படியேறினால்தான் மற்றவர்களும் ஏறுவார்கள். இன்று அவள் வரவில்லை.

"நாளைக்குக் கல்லறையில பாதிரியார் வந்துடுவார்ல, அது போதாதா?" என்றாள் ரெபேக்கா.

"போதாது. தெரு ஜெபம் சொல்லாம ஒரு மனுஷனை அனுப்புவாங்களா? அவர் என்ன நாயா?" அம்மா காப்பியை இறக்கி வைத்தாள். "நீ போய்க் கூப்பிடு. கால்ல விழணும்னாலும் விழு."

ரெபேக்கா விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள். முக்காட்டுப் பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எர்மினியா வீட்டு முற்றத்தில் முறத்தில் அவரை விதையைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கறுப்பு உடை உடுத்தித் தயாராகத்தான் இருந்தாள்.

"தோன்யா," என்று பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு கூப்பிட்டாள் ரெபேக்கா. "அம்மா உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"தெரியும். நான் வரல பொண்ணே."

"ஏன்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கொட்டிவிட்டாள். "படத்துல அவர் சிலுவையைத் தட்டி விட்டாருன்னா? இல்ல, யாரோ வாய் பேசாத பொண்ணு கழுத்தைக் கடிச்சாருன்னா? இந்த வயசுலயுமா அதை நிஜம்னு நம்புறீங்க? எங்கப்பா கோழி அறுக்கிறதைப் பாத்தாக்கூட அழுவாரு."

"நான் என்ன முட்டாளா?" எர்மினியா நிமிரவில்லை. "வௌவாலுக்கு நூல் கட்டியிருந்தது எனக்கும்தான் தெரிஞ்சுது."

"அப்புறம் என்ன?"

"அவரை நரகத்துக்குப் போன்னு சொன்னவ நான். ஒரு தடவையா, ரெண்டு தடவையா? அதுவும் விளையாட்டுக்கு இல்ல. மனசறிஞ்சு சொன்னேன். அதே வாயால இன்னைக்கு அவரை மோட்சத்துக்கு அனுப்புன்னு கேட்டா, மேல இருக்கிறவர் என்னை என்னன்னு நினைப்பார்?"

ரெபேக்காவுக்கு ஆத்திரம் இறங்கவில்லை. "எங்கப்பா உங்களுக்கு என்ன பண்ணினார், அவ்ளோ மனசறிஞ்சு திட்டுறதுக்கு?"

எர்மினியா முறத்தைக் கீழே வைத்தாள். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கண்ணால் காட்டினாள். அவளுடைய புருஷன், ரொட்டிக் கடைக்காரர். இறந்து பல வருஷம் ஆகிறது. படத்திலும் சிரித்த முகம்.

"உனக்கு ஞாபகம் இருக்கா இவரை?"

"இருக்கு. எங்களுக்கெல்லாம் சும்மாவே இனிப்பு ரொட்டி குடுப்பார்."

"ஆமா. எல்லாருக்கும் குடுப்பார். தங்கமான மனுஷன். கதவைச் சாத்துற வரைக்கும்." சற்று நிறுத்தினாள். "சாத்தினப்புறம் நான் கத்தக்கூடாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடும். வாயில துணியை வச்சுக்குவேன். ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான், என் பக்கத்துலயே அவர் உக்காந்திருக்க, நான் வாய்விட்டுக் கத்தினேன்."

ரெபேக்கா திரும்பிச் சுவரிலிருந்த அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்தாள்.

"உங்கப்பா அந்தப் படியில இறங்கி வருவார் பாரு, அயோக்கியன்னு முகத்துல எழுதி ஒட்டியிருக்கும். மீசையை முறுக்கிக்கிட்டு, அந்தச் சிரிப்பைச் சிரிச்சுக்கிட்டு. அப்படி ஒருத்தனைத் திட்டுறது எவ்ளோ சுகம் தெரியுமா? எல்லாரும் கூடச் சேந்து திட்டுவாங்க. கடைசியில செத்தும் போவான். அடுத்த மாசம் எழுந்து வருவான், மறுபடியும் திட்டலாம். வீட்டுல இருந்தவனுக்கு முகத்துல ஒண்ணும் எழுதலியே கண்ணு. நான் சொன்னா யாரு நம்பியிருப்பா?"

வெளியே நின்ற பெண்களின் பேச்சு ஓய்ந்திருந்தது. அவர்களில் எத்தனை பேர் அப்படிக் கத்தப் போனவர்கள் என்று ரெபேக்கா யோசித்தாள். யோசிக்கவே சங்கடமாக இருந்தது. முப்பது வருஷமாகப் பத்திரமாகச் சுமந்த கோபம் கையில் கனமில்லாமல் நின்றது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. தியேட்டரிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது அப்பா சொன்னது. அன்றைக்கு அவளுக்கு அது விளங்கவில்லை.

"தோன்யா, நான் ஒரு தடவை அப்பாகிட்ட அழுதேன். மூணாவது வரிசை அம்மா உங்களை ரொம்ப மோசமாத் திட்டுறாங்கன்னு. அவர் சொன்னார், 'அவ திட்டுறது என்னை இல்லடி. பாவம், திட்டட்டும்'னு."

எர்மினியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"எப்ப சொன்னார்?"

"சின்ன வயசுல. சில சமயம் டைரக்டர் போதும்னு சைகை காட்டினப்புறமும் அந்தச் சிரிப்பை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சிரிப்பாராம். உங்களுக்கெல்லாம் திட்டறதுக்கு நேரம் வேணுமேன்னு."

எர்மினியா அழவில்லை. பொறுக்கி வைத்திருந்த கற்களைக் கூட்டி முற்றத்துத் தொட்டியில் போட்டாள். குழாயடியில் கை கழுவினாள். கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். பிறகு ஆணியிலிருந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். "நட."

அவள் தெருவில் இறங்கியதும் முக்காட்டுக் கும்பல் கலைந்து பின்னால் வந்தது. நாற்காலிகள் நிரம்பின. இடமில்லாதவர்கள் தரையில் முழங்காலிட்டார்கள். தையல்காரி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சின்ன ஆளா இவர்?" என்று பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள். அம்மா காப்பித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

எர்மினியா பெட்டியின் தலைமாட்டில் மண்டியிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். தியேட்டரைக் கிழித்த அதே குரல்தான். இப்போது அது தாழ்ந்து வந்தது.

"இறைவா, உம்மிடம் வந்திருக்கிற உம் ஊழியர்..."

நின்றுவிட்டாள். பெண்கள் காத்திருந்தார்கள். எர்மினியா தலையைத் திருப்பி ரெபேக்காவைப் பார்த்தாள். எர்மினியாவின் முகம் வெட்கத்தில் சிவந்துபோயிருந்தது.

"இத்தனை வருஷமும் கோமான்னே கூப்பிட்டுட்டோம்மா. அவர் பேரு என்ன?"

எல்லா முகங்களும் ரெபேக்கா பக்கம் திரும்பின. அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவளுக்கு அவர் அப்பா.

"எலிசெயோ," என்றாள். "எலிசெயோ மொந்தேஸ்."

"உம் ஊழியர் எலிசெயோ மொந்தேஸின் ஆன்மாவுக்காக," என்றாள் எர்மினியா.

"எலிசெயோவின் ஆன்மாவுக்காக," என்றார்கள் பெண்கள். புதிதாகக் கற்றுக்கொள்வதுபோல ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகச் சொன்னாள். அடுக்களை வாசலில் தட்டிலிருந்த கோப்பைகள் குலுங்குவது கேட்டது. யாரோ எழுந்து போய் அதை அம்மாவின் கையிலிருந்து வாங்கினார்கள்.

ரெபேக்கா நின்றுகொண்டே இருந்தாள். முழங்காலிடத் தரையில் இடமில்லை. எர்மினியா ஜெபத்தை நிறுத்தாமல், அவள் பக்கம் திரும்பாமல், தன் பாவாடை விளிம்பை ஒரு கையால் இழுத்துக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தாள்.