மணிமொழியின் லைன் கிளியர்

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். தம்ளர் பறந்திருக்கிறது, செல்போன் பறந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பறந்தது ஓர் அட்டை.

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும் எங்கள் மாருதி காரின் ஸ்டியரிங்கில் அது ஒரு வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 'ஆட்கள் வேலை செய்கிறார்கள். இயக்காதே' என்று சிவப்பு மையில் எழுதி, கீழே மணிமொழி என்று கையெழுத்து. மணிமொழி என் பெண்டாட்டி. கம்பெனியில் பர்மனென்ட். பவர் ஸ்டேஷன் கண்ட்ரோல் ரூமில் வேலை. அங்கே எந்த மெஷினில் யார் கை வைப்பதாக இருந்தாலும் முதலில் இவளிடம் வந்து லைன் கிளியர் வாங்க வேண்டும். இவள் கரண்டை நிறுத்தி அட்டை மாட்டுவாள். வேலை முடிந்ததும் வாங்கின ஆளே வந்து திருப்பிக் கொடுத்தால்தான் அட்டை இறங்கும், கரண்ட் ஏறும். நியாயம்தான். அதற்காக வீட்டு வாசலிலுமா?

"வூட்டையும் பிளான்ட் ஆக்கிட்டியா?" என்றேன்.

அவள் வலது காலுக்கு காலிப்பர் பட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் போலியோ வந்த கால். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போன வாரம் கொளஞ்சி அண்ணன் வெரலு போயிருக்கும், மறந்துட்டீங்களா? சாவியத் திருப்பறதுக்கு முன்ன எனக்கு ஒரு போன் போடுங்க. அவ்ளோதான் கேக்கறேன்."

சொல்லிவிட்டு வடக்குத்து கிராமத்தில் தன் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு ஆட்டோவில் ஏறிப் போனாள். ஆட்டோ பிளாக் முனையில் திரும்பியதோ இல்லையோ, அட்டையைப் பிடுங்கிப் பலா மரத்துப் பக்கம் வீசினேன். இருபது வருஷமாக ஆயில் எஞ்சின் மெக்கானிக் நான். சேத்தியாத்தோப்பு வரைக்கும் எந்தக் கழனியில் எஞ்சின் நின்றாலும் சிலம்பரசனைக் கூப்பிடு என்பார்கள். எனக்குப் போய் அட்டை மாட்டுகிறாளாம்!

கோபத்துக்கு உண்மையான காரணம் அட்டை இல்லை. பயம். விடிந்தால் திங்கட்கிழமை, மணிமொழிக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட். அதற்குள் இந்தக் கார் ஓடியாக வேண்டும்.

அது சாதாரணக் கார் இல்லை. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையாலேயே இயக்குகிற மாதிரி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைத்தது. இடது காலால் கிளட்ச் மிதித்து, கையால் மற்றதைப் பார்த்துக்கொண்டு, பதினோரு வருஷமாக அவளே ஓட்டிப் போய் அவளே வந்தவள். கேட் பாஸ் அந்தக் காருக்குத்தான். ஆட்டோவை உள்ளே விடமாட்டார்கள். கேட்டிலிருந்து கண்ட்ரோல் ரூம் ஒன்றரை கிலோமீட்டர். கம்பெனி பஸ்ஸின் படி அவள் காலுக்கு எட்டாது. கார் நின்ற இரண்டு மாதத்தில் பாதி நாள் லீவு, மீதி நாள் கேட்டில் காத்திருந்து யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு போனாள். லீவும் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து ஷிஃப்ட்டுக்குச் சரியாக வர முடியாவிட்டால் கேட்டுக்கு வெளியே இருக்கும் தபால் செக்‌ஷனுக்கு மாற்றிக்கொள்வதாக அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். கண்ட்ரோல் ரூமில் உட்கார எத்தனை பேரிடம் சண்டை போட்டாள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை எழுதிய அன்று அவள் சாப்பிடவில்லை.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். கார் எஞ்சினைக் கெடுத்தது நான்.

ஏப்ரல் மாதம், என் பைக்கில் காற்று இறங்கியிருந்ததால் அவள் காரை எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குப் போனேன். ஆயில் எஞ்சினைச் சூடாகாமல் வைப்பது கிணற்றுத் தண்ணீர். எஞ்சின் ஓடினால் தண்ணீர் தானாக வரும், தானாகப் போகும். அதே பழக்கத்தில் காரின் ரேடியேட்டரைத் திறந்தே பார்க்கவில்லை. திரும்பும்போது சூடு காட்டும் முள் சிவப்பில் ஏறி நின்றது. பார்த்தேன். 'வீடு வந்துவிட்டதே, போய்விடலாம்' என்று மிதித்தேன். டவுன்ஷிப் ஆர்ச் தாண்டி ஒரு சத்தம் கேட்டது, எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. அவளிடம், "வயசான எஞ்சின் மணி, ஆயுசு முடிஞ்சிபோச்சி" என்றேன். அவளும் சரி என்றாள். அந்தச் 'சரி' இரண்டு மாதமாக என் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

வேறு எஞ்சின் மாட்டலாம் என்று நானே சொன்னேன். குள்ளஞ்சாவடியில் பழைய வண்டி பிரிக்கிறவரிடம், பின்னால் அடிபட்ட ஆல்டோ ஒன்று கிடந்தது. முன்பக்கம் கீறல் இல்லை. எஞ்சின், அதன் வயர் கொத்து, எஞ்சினுக்குக் கட்டளை போடும் கம்ப்யூட்டர் பெட்டி, மூன்றையும் வாங்கிவந்தேன். எஞ்சின் மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதியும் எழுதி வாங்கியாயிற்று. போர்வெல் மோட்டார் தூக்கும் முக்காலியும் செயின் பிளாக்கும் என்னிடமே உண்டு. பழைய எஞ்சினைத் தூக்கிக் கீழே வைத்தோம், புதியதை இறக்கினோம். தாங்கும் பட்டை ஒரு பக்கம் சேரவில்லை. அதை வெட்டி வெல்டிங் வைத்துக் கொடுத்தவர் கொளஞ்சியப்பன். அடுத்த குவார்ட்டர்ஸ்காரர், மைன்ஸில் கன்வேயர் ஃபிட்டர். மணிமொழியைத் தங்கச்சி என்பார், அதனால் நான் அவருக்கு மாப்பிள்ளை, அவர் எனக்கு மச்சான்.

போன ஞாயிறுதான் அந்தச் சம்பவம். ஸ்டார்ட்டர் சுற்றுகிறதா என்று பார்க்கிற அவசரத்தில், மச்சான் பெல்ட் பக்கம் கை வைத்திருப்பதைக் கவனிக்காமல் சாவியைத் திருப்பிவிட்டேன். ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றியது. மச்சானின் ஆள்காட்டி விரல் நகம் கறுத்ததோடு போயிற்று. அன்று சாயங்காலம்தான் மணிமொழி அட்டை மாட்டினாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கம்ப்யூட்டர் பெட்டிக்கான வயர்களை இணைத்தேன். ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டு, நிறம் பார்த்து முப்பத்திரண்டு இணைப்பு. எஞ்சின் என்றால் எனக்குக் கை தானாகப் போகும், வயர் என்றால் உதறும். ஞாயிறு மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினேன். அதை மூன்று தடவை பார்த்தேன். மச்சான் கையைத் தூக்கிக் காட்டியபடி தள்ளி நின்றார்.

"பாத்துக்க, பத்து வெரலும் வெளியதான் இருக்குது. திருப்பு மாப்ள."

போன் போடவில்லை. திருப்பினேன். ஒன்றுமில்லை.

விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்தது. எஞ்சின் மட்டும் 'டிக்' என்றுகூடச் சொல்லவில்லை. ஸ்டார்ட்டரைக் கழற்றி நேராகப் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தோம், பம்பரமாகச் சுற்றியது. திரும்ப மாட்டினோம். சத்தமே இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே படுத்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். இருக்கிற ஃபியூஸை எல்லாம் ஒவ்வொன்றாக இழுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றும் கருகியிருக்கவில்லை.

"போச்சி மச்சான். போன வாரம் சுத்துச்சி, இந்த வாரம் சுத்தல. நடுவுல கை வெச்சது நான்தான். பொட்டிய கொளுத்திட்டேன்."

"அவசரப்படாத மாப்ள. தங்கச்சிக்கு ஒரு போன் போடேன். கரண்டு சமாச்சாரம், அதுக்குத்தான வெளங்கும்."

"எந்த மொகத்தோட போடறது?" என்று ஸ்பேனரை வீசினேன். அதுவும் பலா மரத்துப் பக்கம்தான் போனது. கோபமெல்லாம் அதோடு தீர்ந்துவிட்டது. வாசல்படியில் உட்கார்ந்தேன். நாளைக் காலை அவள் தபால் செக்‌ஷனில் கவர் ஒட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அழுகை வந்தது, அழுதேன். மச்சான் வேறு பக்கம் திரும்பி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலரை மணிக்கு ஆட்டோ வந்தது. மணிமொழி விசேஷத்துப் பட்டுப்புடவையோடு மெதுவாக இறங்கினாள். என் முகத்தைப் பார்த்தாள், ஸ்டியரிங்கைப் பார்த்தாள்.

"என்னா ஆச்சி?"

நான் எழுந்து நின்றேன். பெட்டி போய்விட்டது என்றுதான் சொல்ல வந்தேன். வாயில் வந்தது வேறு.

"மணி, பழைய எஞ்சின் வயசாயி போவல. நான்தான் கொன்னேன். தண்ணி பாக்கல. முள்ளு செவப்புல ஏறினதப் பாத்துக்கினே ஓட்டிக்கினு வந்தேன். ஒங்கிட்ட பொய் சொன்னேன். இப்ப இதயும் கெடுத்துட்டேன். நாளைக்கி ஒனக்கு வண்டி இல்ல."

அவள் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள்.

"என்னா தெரியும்?"

"அன்னிக்கே ரேடியேட்டர் மூடியத் தொறந்து பாத்தேன். உள்ள பொட்டுத் தண்ணி இல்ல."

"ரெண்டு மாசமா ஏன்டி கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். சரி, அட்டை எங்க?"

எனக்கு எரிச்சல் வந்தது. குடி முழுகிக் கிடக்கிறது, இவள் அட்டையைக் கேட்கிறாள்! ஆனால் எதிர்த்துப் பேச எனக்கு வாய் ஏது? பலா மரத்தடியில் போய்த் தேடினேன். டவுன்ஷிப்பில் சுற்றுகிற மாடு ஏதாவது தின்றிருந்தால் என்ன செய்வது என்று வேறு பயம். நல்ல வேளை, விழுந்து வெடித்த பழம் ஒன்றின் பாலில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிய்த்து எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அதைத் திருப்பினாள். பின்பக்கம் கட்டம் போட்டிருந்தது, நான் பார்த்ததே இல்லை. என்ன வேலை: எஞ்சின் மாற்றுதல். லைன் கிளியர் வாங்கியவர்: சிலம்பரசன். பழுதின் காரணம்: காலி. திருப்பிக் கொடுத்த நேரம்: காலி. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

"காரணம் எழுதுங்க. அது காலியா இருந்தா நான் திருப்பி வாங்க மாட்டேன்."

"எழுது மாப்ள," என்றார் மச்சான். "எங்க மைன்ஸ்லயும் இப்பிடித்தான் நிக்க வெப்பாங்க."

'ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கவில்லை. தவறு செய்தவர் சிலம்பரசன்' என்று எழுதினேன். அவள் வாங்கிப் படித்தாள். என் பேர் இருந்த வரியை மட்டும் பேனாவால் அடித்தாள்.

"இந்தக் கட்டத்துல ஆள் பேரு எழுதக் கூடாதுங்க. ஆளத் திட்டறதுக்கு இல்ல இது. மறுக்கா அதே மாதிரி நடக்கக் கூடாதுன்னுதான் எழுதறது. எல்லாரும் கைய வெளிய எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சி," என்றோம் இருவரும்.

நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு கைப்பைக்குள் இருந்த சின்னப் பர்ஸைத் திறந்து, சில்லறைக்கு நடுவிலிருந்து நகம் அளவுக்கு ஒரு நீல ஃபியூஸை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னா பாக்கறீங்க? அட்டை மாட்டினா ஃபியூஸப் புடுங்கிக் கையில வெச்சிக்கணும். இல்லன்னா அது வெறும் அட்டை. ஒங்க கோவத்துக்கு அட்டையத் தூக்கிப் போட்டுட்டுத் திருப்புவீங்கன்னு தெரியாதா எனக்கு? கைய உள்ள வெச்சிக்கினு இருக்கிறப்ப சுத்திட்டா யாரு பதில் சொல்றது? அதுக்குத்தான் போன் போடச் சொன்னேன்."

அட மடையா! ஃபியூஸ் பெட்டியில் ஏற்கெனவே நாலைந்து ஓட்டை காலியாகத்தான் இருந்தது. கருகினதைத் தேடினேனே தவிர, இல்லாததை யார் தேடினார்கள்? மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒன்ற மணி நேரமா ஸ்டார்ட்டரக் கழட்டி மாட்டினமே மாப்ள! எங்க வேலயிலயே தெனம் பாக்கறோம், எனக்காச்சும் ஓடிச்சா பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஃபியூஸைச் செருகினேன். சாவியை எடுக்கப் போனவனை அவள் தடுத்தாள். "நவுருங்க." பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். சாவியைத் திருப்பினாள்.

ஒரு தடவை சுற்றியது, இரண்டாவது தடவை இருமியது, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. கைப்பிடியை அழுத்தினாள், எஞ்சின் ஏறி இறங்கியது. என் முப்பத்திரண்டு இணைப்பும் சரி. பெட்டி உயிரோடு இருந்தது. நான் அப்படியே முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவள் பிளாக்கைச் சுற்றி ஒரு சுற்றுப் போய் வந்தாள். இறங்கும்போது கண் ஈரமாக இருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"பழசவிட இதுக்கு இழுவ ஜாஸ்தி," என்றாள்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் டிபன் பையோடு வந்தாள்.

"தண்ணி?"

"பாத்துட்டேன்."

"பாத்துட்டேன்னு சொல்றீங்களா, நெசமாவே பாத்தீங்களா?"

மறுபடி மூடியைத் திறந்து காட்டினேன். தலையாட்டிவிட்டு ஏறிப் போனாள். பின்விளக்கு பிளாக் முனையில் திரும்பும் வரை நின்றேன். பிறகு டீ போட்டேன், குடிக்கவில்லை. கேட்டில் நின்றுபோயிருக்குமோ, வழியில் சூடாகியிருக்குமோ என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். ஐந்து ஐம்பதுக்குப் போன் அடித்தது.

"உள்ள வந்துட்டேங்க. சீட்டுல உக்காந்துட்டேன்."

"முள்ளு?"

"நடுவுல நின்னுச்சி. நகரவே இல்ல." பின்னால் யாரோ அவளிடம் லைன் கிளியர் கேட்கிற குரல் கேட்டது. "வெக்கறேன், ஆளு நிக்கறாங்க," என்றாள்.

அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். அவள் தபால் செக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் அலமாரியில் இருந்தது. எடுத்து நாலாகக் கிழித்தேன். வீசவில்லை, குப்பைக் கூடையில் போட்டேன். ஆறிய டீயைச் சூடு பண்ணிக் குடித்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு கழனி வேலைக்குக் கிளம்பினேன்.