ஒற்றை விசில்

ஒரே ஒரு விசிலில் கப்பலை நடுத்தண்ணீரில் நிறுத்திவிட்டதாக ஓய்வுபெற்ற கண்டக்டர் டீக்கடையில் அறிவித்தபோது, ஒருவர்கூட டீ கிளாசைக் கீழே வைக்கவில்லை. சும்மா கப்பலா அது? மூன்று மாடி. நங்கூரமே ஒரு வீடு அகலம். கேப்டன் வெலவெலத்துப்போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டாராம்.

"கப்பல் இல்ல, படகு," என்றார் எதிரில் இருந்த டிரைவர். "அதுவும் இன்ஜின் மக்கர் பண்ணி நின்னுது. விசிலாம் விசிலு. நான் அதுலதான இருந்தேன்."

கடை சிரித்தது. கண்டக்டரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்தில் தொங்கிய விசிலை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

ஒரே பஸ்ஸில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள் இருவரும். டிரைவருக்கு முன்னால் இருக்கும் ரோடுதான் உலகம். பின்னால் நடப்பதெல்லாம் கண்டக்டர் பாடு. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்பலாம். கடலோர ஊர்களைச் சைக்கிளிலேயே சுற்றிவருவது என்று புறப்பட்டபோதும் அதே ஏற்பாடுதான்: முன்னால் டிரைவர், பின்னால் கழுத்தில் விசிலோடு கண்டக்டர். கிளம்பும்போது டிரைவரின் மகள் கண்டக்டரைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, அப்பாவுக்குச் சின்னதா ஏதாவதுன்னாலும் அடுத்த பஸ்ல ஏத்தி அனுப்பிடணும்." தலைபோனாலும் செய்வேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்று காலையில் கடற்கரை ரோட்டில் ஒரு லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. டிரைவர் ஒதுங்கவில்லை. கண்டக்டர் ஒற்றை விசில் கொடுத்தார். வேகம்கூடக் குறையவில்லை. லாரி டிரைவரின் சட்டைக்கையை உரசிக்கொண்டு போனது. காற்று அப்படி, எதிர்க்காற்று என்று கண்டக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மத்தியானம் முகத்துவாரத்தில் ஆளையும் சைக்கிளையும் அக்கரைக்குக் கொண்டுபோகும் படகு. கண்டக்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் அது புறப்பட்டுவிட்டது. டிரைவர் முன்பக்கத்தில், கரைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். பின்னால் எப்போதும் கண்டக்டர் இருப்பார் என்ற நம்பிக்கை அந்த முதுகில் தெரிந்தது. கண்டக்டர் நெஞ்சு வெடிக்க ஊதினார். படகோட்டி திரும்பினான். கூடைக்காரிகள் திரும்பினார்கள். இடுப்புக் குழந்தைகூடத் திரும்பியது. படகு நின்றது. அந்த ஒரு முதுகு மட்டும் அப்படியே இருந்தது. கையில் வழிந்துகொண்டிருந்த பாட்டிலோடு கண்டக்டர் கரையில் நின்றார். அவ்வளவு தூரத்திலிருந்து அந்த முதுகை எப்படித் தொடுவது?

இவரை ஏற்றிக்கொள்ளப் படகு திரும்பி வந்தபோது, "நல்லவேளை, இன்ஜின் மக்கர் பண்ணுச்சு. இல்லன்னா நீ இங்கயே கருவாடாயிருப்ப," என்றார் டிரைவர் உற்சாகமாக.

சொன்னால் நாளைக்கே மகளிடம் திரும்பும் பஸ். சொல்லாவிட்டால் நாளைக்கும் அதே லாரி ரோடு. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் எல்லாம் கேட்கிற மனுஷனிடம் இதை எந்த வாயால் சொல்வது? கண்டக்டருக்குத் தெரிந்த ஒரே வழி அளப்புதான். டீக்கடையில் சிரிப்பு அடங்கியதும் கதையை மறுபடி ஆரம்பித்தார். கப்பலுக்கு இப்போது நாலு மாடி.

டிரைவர் கையை நீட்டித் தடுத்தார். "அந்த விசிலத்தான் இப்ப ஊதேன். பாப்போம்." கிளாசை எடுத்து, மேலே மிதந்த பாலாடையை ஊதி விலக்கக் குனிந்தார்.

கண்டக்டர் ஊதினார். கடைக்காரம்மாவின் கை ஆற்றிக்கொண்டிருந்த டீயோடு அந்தரத்தில் நின்றது. தெருவில் போன சைக்கிள்காரர் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினார். மேஜைக்கடியில் கிடந்த நாய் எழுந்துவிட்டது.

"ஊதுடான்னா," என்றார் டிரைவர், கிளாசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டிரைவர் நிமிர்ந்தார். கண்டக்டரின் உதட்டில் இன்னும் விசில் இருந்தது. கடைக்காரம்மாவைப் பார்த்தார், காலூன்றி நின்ற சைக்கிள்காரரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். எல்லா முகங்களும் ஒரே திசையில் திரும்பியிருந்தன.

"படகு நின்னப்புறம் பாத்தேன், அங்கயும் எல்லாரும் இப்படித்தான் திரும்பியிருந்தாங்க," என்றார் மெதுவாக. கண்டக்டரின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து, விசிலைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினார், உள்ளே இருக்கும் குண்டுமணி உருளுகிறதா என்று கேட்பவர்போல.

"நின்னுச்சுடா. உன் விசிலுக்குத்தான் நின்னுச்சு."