வழிமொழிந்த ஆமீன்

என்னைப் பிரார்த்தனை செய்யக் கூப்பிட்டது அவர்கள் செய்த தப்பு. கூப்பிட்ட இடத்துக்குப் போனது மட்டும்தான் நான் செய்தது. இதை என் வீட்டுக்காரர் யூசுஃபிடம் நூறு தடவை சொல்லிவிட்டேன். அவர் இன்னும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்.

விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் எங்களுக்கு ஒரு கடை. அப்பளம், வற்றல், காப்பித்தூள், இட்லி அரிசி. மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்து இருபத்துமூன்று வருடம். காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை கல்லாவில் நான்தான். அந்தச் சந்தில் பெண்கள் நடத்தும் கடை பதினாலு. பதினாலு பேருக்கும் அவசரத்துக்கு ஒதுங்க இடம் கிடையாது. ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது, அவர்களுக்கு அது போதும். நாங்கள் கண்டுபிடித்த வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. போன வருடம் மட்டும் எனக்கு மூன்று தடவை நீர்க்கடுப்பு, காய்ச்சல். தினமும் மூன்று லிட்டர் குடிக்கணும் என்று டாக்டர் திட்டினார். அவருக்கென்ன, கிளினிக்குக்கு உள்ளேயே அவருக்கென்று ஒரு கதவு இருக்கிறது.

மனு மேல் மனுவாக எழுதிப் போட்டதில் சந்து முனையில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டிவிட்டார்கள். குறை சொல்லக் கூடாது, நல்ல கட்டடம். ரோஜா நிற டைல்ஸ், கைகழுவக் குழாய், கண்ணாடிகூட உண்டு. கட்டி முடித்துப் பதினோரு மாதம். பதினோரு மாதமும் பூட்டித்தான் கிடக்கிறது.

பூட்டியவர்கள் எங்கள் வார்டின் இரண்டு கார்ப்பரேட்டர்கள், நம்ம ஊர்க் கவுன்சிலர் மாதிரி. மராட்டி பேசும் இந்த ஊரில் அவர்களைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவர் ஆபா, பெரியவர் என்று அர்த்தம். அந்த அம்மா தாயி, அதாவது அக்கா. திறப்புவிழாக் கல்வெட்டில் யார் பெயர் மேலே வருவது என்று இரண்டு பேருக்கும் சண்டை. தனக்குத் தெரியாமல் தாயி திறந்துவிடக் கூடாது என்று ஆபா ஒரு பூட்டைப் போட்டார். ஆபா திறந்துவிடக் கூடாது என்று தாயி அதன்மேல் இன்னொன்று போட்டார். தாயியும் பொம்பளைதானே என்று கேட்பீர்கள். தாயி வீடு அங்கிருந்து நாலு நிமிட நடை. அதையும் அவர் காரில்தான் வருவார்.

இப்படியிருக்கும்போது மாநகராட்சிச் சபையில் ஒரு நாள் மைக்கைப் பிடுங்கி அடித்துக்கொண்டார்கள். மேயருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனி மாதாந்திரக் கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு மாதமும் ஒரு மதத்தவர் வந்து மூன்று நிமிடம் பிரார்த்தனை செய்யட்டும், உறுப்பினர்கள் மனதை ஒருமுகப்படுத்திக்கொண்டு வேலையைத் தொடங்கட்டும் என்று ஏற்பாடு செய்தார். முதலில் ஒரு பண்டிதர் வந்தார். அடுத்து ஒரு புத்த பிக்கு. அவர் அமைதியைப் பற்றிச் சொல்லிவிட்டு வாசலில் செருப்பை மாட்டுவதற்குள் உள்ளே சத்தம் கேட்டதாம். மூன்றாவதாக வந்த பாஸ்டர் ஜான், தான் நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஆமென் சொல்ல உறுப்பினர்களைப் பழக்கிவிட்டுப் போனார்.

அடுத்து மார்ச், மகளிர் தின மாதம். முறை எங்களுடையது, ஆனால் பெண்தான் வர வேண்டும் என்றார்கள். நான் வீடுகளில் பெண்கள் கூடும் மஜ்லிஸில் ஓதி, கடைசியில் எல்லோருக்கும் சேர்த்து இறைவனிடம் துஆ கேட்பவள். சபைச் செயலாளரின் மனைவி என் கடையில் அப்பளம் வாங்குபவர். அவ்வளவுதான் என் தகுதி.

செயலாளர் ஒரு தாள் அனுப்பியிருந்தார். யார் பெயரையும் சொல்லக் கூடாது. சபையிடம் கோரிக்கை வைக்கக் கூடாது. மூன்று நிமிடம் தாண்டக் கூடாது. துஆவை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். நானும் ஒற்றுமை, சமாதானம் என்று இந்தியில் எழுதிக் கொடுத்தேன். சீல் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். துஆவுக்கு சீல் வைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏளா, எழுதிக் கொடுத்ததை வாசிச்சிட்டு வந்துரு. வேற ஒண்ணும் பேசாத" என்றார் யூசுஃப்.

"நான் என்னத்தப் பேசப் போறேன்?"

"அது தெரியாமத்தான் பயமா இருக்கு. கடை லைசென்ஸ் அங்கதான் புதுப்பிக்கணும்."

அல்லாஹ் மேல் ஆணையாக, அந்தத் தாளை வாசிக்கத்தான் போனேன். இரண்டு பஸ் மாறி, நெரிசலில் நின்று போய்ச் சேரவே ஒன்றேகால் மணி நேரம். சபைக்கூடத்துக்கு வெளியே பளிங்கு மாதிரி ஒரு கழிப்பறை, பினாயில் வாசனையோடு. கதவில் கை வைத்தேன். காவலாளி தடுத்துவிட்டான். உறுப்பினர்களுக்கு மட்டுமாம். மற்றவர்களுக்கு எங்கே என்று கேட்டேன். கீழே போய் விசாரிக்கச் சொன்னான். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் ஆபா. எதிர்வரிசையில் பச்சைப் பட்டில் தாயி. இரண்டு பேரும் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தாளில் ஓர் எழுத்தும் தெரியவில்லை.

தாய்மொழியில் துஆ கேட்கலாமா, அதில்தான் எனக்கு மனசு கூடும் என்று இந்தியில் கேட்டேன். செயலாளர் மேயரைப் பார்த்தார். மேயருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மகளிர் மாதம், தாய்மொழி, இரண்டும் ஒரே நாளில். போட்டோக்காரர்களை முன்னால் வரச் சொன்னார். நான் இரண்டு கையையும் ஏந்தினேன். சபையும் ஏந்தியது.

"யா அல்லாஹ், இந்தச் சபையில கூடியிருக்கிற பெரிய மனுசங்க கல்பையெல்லாம், மனசையெல்லாம் திறந்து வைப்பாயாக."

"ஆமீன்" என்றது சபை.

"கல்பு திறக்க நேரமாகும்னா, முதல்ல எங்க சந்து முனையில இருக்கிற கதவையாவது திறந்து வைப்பாயாக."

"ஆமீன்."

"முன்வரிசையில வெள்ளைச் சட்டையில ஒருத்தர் இருக்காரு. பேரு சொல்லக் கூடாதுன்னு சட்டம், உனக்குத் தெரியும் நாயனே. அவரை ஒரே ஒரு நாளு, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என் கல்லாவுல உட்கார வைப்பாயாக. உட்கார வச்சு, நாலு இளநியும் குடிக்க வைப்பாயாக."

"ஆமீன்." அதில் ஆபாவின் குரல்தான் பெரிது. கண்ணை இறுக மூடியிருந்தார், பாவம்.

"பச்சைப் பட்டுல இருக்கிற அக்காவுக்கு, அவங்க ஆசைப்பட்டபடியே பேரைப் பெரிசா எழுதி வைப்பாயாக..."

நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினேன். எல்லோரும் ஆமீன் என்றார்கள். நான் தொடர்ந்தேன்.

"...அந்தக் கழிப்பறைக் கதவுல, உள்பக்கம்."

"ஆமீன்" என்றது ஒரே ஒரு குரல், தனியாக.

சபை ஆமீன் சொன்னபோது பேசாமல் இருந்து, நான் வாக்கியத்தை முடித்த பிறகு சொல்கிற ஆள் யார்? பார்த்தேன். அதிகாரிகள் வரிசையில் பருத்திச் சேலை கட்டிய ஒரு பெண், கண்ணை நன்றாகத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் பெயர்ப்பலகை. ரோஹிணி, துணை ஆணையர்.

லைசென்ஸ் போச்சு என்று நினைத்தேன். யூசுஃபின் முகம் கண்முன் வந்தது. துஆவை அங்கேயே முடித்துவிட்டு ஓடிவிடலாம். ஆனால் இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. இப்படி ஒரு நிமிடம் எனக்கு இனி யார் தரப் போகிறார்கள்?

"யா அல்லாஹ், இதுவரைக்கும் விளையாட்டாப் பேசிட்டேன், மன்னிச்சிரு. இப்பம் நெசமாக் கேக்குதேன். எங்க சந்துல பதினாலு பொம்பளைங்க தண்ணி குடிக்காம இருக்கோம். தொண்டை காஞ்சா வாயக் கொப்புளிச்சுத் துப்புதோம். இது நோன்பு இல்ல ரப்பே, இதுக்கு நீ நன்மையும் எழுத மாட்ட. அந்த ரெண்டு பூட்டையும் இன்னைக்குள்ள திறந்து விடு."

கடைசியில் என் குரல் உடைந்துவிட்டது. சபை உருகிப்போய், வேறெப்போதும் இல்லாத பலத்தோடு ஆமீன் சொன்னது. தாயி மூக்கை உறிஞ்சினார்.

மேயர் நெகிழ்ந்துவிட்டார். இவ்வளவு உருக்கமான பிரார்த்தனை சபைக் குறிப்பில் ஏற வேண்டும், ரோஹிணி மேடம் தமிழ்நாட்டுக்காரர்தானே, மராட்டியில் சொல்லட்டும் என்றார். அவர் எழுந்தார்.

"ஆபா அவர்கள் ஒரு நாள் முழுக்கச் சாதாரண மக்களோடு உட்கார்ந்து, அவர்கள் படுவதைத் தாமும் உணர வேண்டும் என்று வேண்டினார்கள்" என்றார் ரோஹிணி, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். ஆபா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "தாயி அவர்களின் பெயர் பெண்கள் தினமும் பார்க்கிற இடத்தில் நிலைத்திருக்க வேண்டும் என்றும் வேண்டினார்கள்." தாயியும் கைகூப்பினார். "கடைசியாக, விஷ்ராந்த்வாடி பெண்கள் கழிப்பறையின் இரண்டு பூட்டுகளும் இன்றைக்குள் திறக்க வேண்டும் என்று வேண்டினார்கள். ஓர் உறுப்பினர்கூட மறுக்காமல் சபை ஆமீன் சொன்னது. அப்படியே பதிவு செய்துவிடலாமா?"

செயலாளர் துள்ளி எழுந்தார். கோரிக்கை வைக்கக் கூடாது என்பது விதி என்றார்.

"கோரிக்கையை நம்மிடம் வைக்கவில்லையே, இறைவனிடம் அல்லவா வைத்தார்கள்? நாம் வழிமொழிந்தோம்" என்றார் ரோஹிணி.

பத்திரிகைக்காரர்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. ஆபா தாயியைப் பார்த்தார், தாயி ஆபாவைப் பார்த்தார். சொன்ன ஆமீனைத் திரும்பப் பெறுகிறேன் என்று அத்தனை கேமரா முன்னால் யார் எழுந்து சொல்வது?

நாலு மணிக்குச் சந்து முனையில் இரண்டு கார் வந்து நின்றது. சிவப்பு ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல், மாலை. தட்டில் கத்தரிக்கோல் ஒன்றுதான் இருந்தது. யார் வெட்டுவது என்று அங்கேயும் ஆரம்பித்துவிட்டார்கள். பதினாலு பேரும் கடையை விட்டு வந்து கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தோம்.

அப்போது ஜீப்பில் வந்து இறங்கினார் ரோஹிணி. இரண்டு பேரிடமும் சாவிக்குக் கை நீட்டினார். ஏதோ மரியாதைக்குக் கேட்கிறார் என்று அவர்களும் கொடுத்துவிட்டார்கள். ரிப்பனுக்குக் கீழே குனிந்து போய், இரண்டு பூட்டையும் திறந்து, உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஆபா ரிப்பனின் ஒரு முனையையும் தாயி மறு முனையையும் பிடித்தபடி நின்றார்கள். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. எங்களில் யாரோ முதலில் சிரிக்க, அப்புறம் ஒருத்தராலும் அடக்க முடியவில்லை.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் நேராக என்னிடம் வந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கக்கா, உங்களுக்கு முன்னாடி நான் போயிட்டேனுங்க. காலைல ஆறு மணிக்கு ரவுண்ட்ஸ் கிளம்புனதுங்க, வழியில எங்கயும் இடமில்லீங்க, சபைக்கூடத்துல இருக்கறதும் உறுப்பினர்களுக்கு மட்டும்தானுங்க."

"ஐயோ, அதுக்கென்ன மேடம்."

"நீங்க துஆவுல சொன்னீங்கல்லங்க, கொப்புளிச்சுத் துப்புறோம்னு." குரலைத் தணித்துக்கொண்டார். "ஒம்பது வருசமா நானும் அதைத்தானுங்க பண்றேன். யார்கிட்டயும் சொன்னதில்லீங்க."

இத்தனை நேரம் எங்களுக்காகத்தான் அவர் பேசினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. கடைக்கு ஓடி ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டுவந்து நீட்டினேன். துணை ஆணையர் நடுச்சந்தில் நின்றபடி அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு கேட்டார்.