மண் தேடி வந்த தண்ணீர்

வெள்ளவத்தைத் தண்ணீர் மூன்றாம் நாள்தான் வந்து சேரும், அதற்குள் அரிசிச் சாக்கைக் கட்டில்மேல் ஏற்றிவிடலாம் என்று துஷ்யந்தி நினைத்துக்கொண்டாள். மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. கொட்டாஞ்சேனையில் அவளுடைய குறுகலான ஒழுங்கைக்குள் ஜிந்துப்பிட்டித் தண்ணீர் அப்போதே திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தண்ணீர் என்பதால் எப்போதும் அதுதான் முதலில் வரும்.

சனம் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கொழும்பின் மழைத் தண்ணீர் மண் தேடி நடந்துவருகிறது. முன்பு விழுந்த இடத்திலேயே இறங்கிவிடும். பிறகு முற்றங்களுக்குச் சீமெந்து பூசினார்கள், கார் நிறுத்தக் கல் பதித்தார்கள், சதுப்பை நிரப்பினார்கள், பழைய வீடுகளை இடித்து மதிலிலிருந்து மதில்வரை மாடி எழுப்பினார்கள். இறங்க இடமில்லாத தண்ணீர் வடிகானுக்குப் போனது. வடிகான் நிறைந்ததும் வீதிக்கு வந்து ஒரு கிழமை அலைந்தது. கடைசியில் துஷ்யந்தியின் வீட்டு முன்னால் இரண்டு பாய் விரிக்கும் அளவில் வெறும் மண் கிடப்பதைக் கண்டுகொண்டது. அதன்பின் எந்தத் தண்ணீரும் இன்னொன்றை இடிக்கவில்லை. கேற்றிலிருந்து சந்திவரை முழங்கால் உயரத்தில் வரிசையாக நின்று, முன்னால் நிற்பது மண்ணுக்குள் இறங்கும்வரை காத்திருந்தது. பொரளைத் தண்ணீரில் ஆஸ்பத்திரி வாசம் இருக்கும், ஒருகொடவத்தைத் தண்ணீரில் எண்ணெய் மினுங்கும், வெள்ளவத்தைத் தண்ணீர் கல்யாண மண்டபத்து மல்லிகைச் சரங்களோடு வரும்.

ஒழுங்கைக்காரர் வீட்டுத் தரைகளை உயர்த்தினார்கள். பக்கத்து வீட்டு டெரிக் ஒரு அடி உயர்த்தினால் எதிர்வீட்டு றலியா ஒன்றரை அடி உயர்த்துவாள். வரிசையும் நீண்டு, உயர்ந்து, உள்ளே வந்தது. றலியா வீட்டில் இப்போது கூரை தலையில் முட்டும் என்பதால் வந்தவர்களை உடனே இருத்திவிடுவார்கள். துஷ்யந்தியின் கணவர் ஜெயகுமார் ஈரம் தாங்காமல் தமையனின் ஏழாம் மாடி வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர்களுடைய மகள் பதினொரு நாள் மட்டும் உயிரோடு இருந்தவள். பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை என்று பொரளைக் கனத்தை மயானத்தில் புதைத்தார்கள். ஒருமுறை துஷ்யந்தி முற்றத்து மண்மேல் தண்ணீர் புகாத தறப்பாளை விரித்துப் பார்த்தாள். தண்ணீர் சற்று நேரம் யோசித்து நின்றது, பிறகு வரிசை குலையாமல் திரும்பிப் பொரளைப் பக்கம் நடந்தது. அவள் தறப்பாளை இழுத்தெறிந்ததும் கோபிக்காமல் திரும்பி வந்தது. செத்தவர்கள் பக்கம் போகத் தண்ணீருக்கும் கூச்சம். வேறு மண் இருக்கும்வரை போகாது. அங்கே படுத்திருப்பவர்களால் தரையை உயர்த்த முடியாது. இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பாவம் என்பார்கள், பிறகும் மண்ணைச் சீமெந்தால் மூடத்தான் கேட்பார்கள்.

மண்ணும் களைத்துவிட்டது. ஒரு நாளில் குடித்ததை இப்போது நான்கு நாள் குடிக்கிறது. ஏதோ ஒரு மழையில் அது போதும் என்றுவிடும், அப்போது எல்லாத் தண்ணீரும் பொரளைக்குத்தான் போகும். அது அவளுக்குத் தெரியும்.

நான்காம் நாள் டெரிக்கும் றலியாவும் இடுப்பளவுத் தண்ணீரில் வந்தார்கள்.

"தங்கச்சி, இப்ப தெஹிவளைத் தண்ணியும் வரத் தொடங்கிட்டுது," என்றார் டெரிக். "இன்னும் விட்டா காலி டவுன்ல இருந்தும் வரும். டோக்கன் குடுக்க ஒரு ஆளப் போடுவமா?"

றலியா சிரிக்கவில்லை. "அக்கா, எங்கட வாப்பாட கட்டில் மூணு தரம் மெதந்துட்டு. சீமெந்து மிக்ஸர் லொறி நாளைக்கு வரும். நீங்க ஓம் என்டா போதும்."

"ஒரு கீரையும் முளைக்காத மண்," என்றார் டெரிக். "இத வச்சு என்ன செய்யப் போறீங்க?"

றலியா கேட்டது நியாயம் என்று துஷ்யந்திக்குத் தோன்றியது. அவளுடைய வாப்பா உயிரோடு இருக்கிறார், தன் மகள் இல்லை. எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் அது அப்படியே இருந்தது. காரணம் ஏதாவது வருமென்று இருவரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மூட வேணாம், றலியா," என்றாள் மெல்ல. "என்னால ஏலாது."